பட்டறைப் பதில்கள்: எட்டு சிலிண்டரும் விளக்கெண்ணெய் வாசமும்

போன மாதம் பேட்டர்ன் வேலையைப் பற்றி எழுதும்போது, இத்தாலியின் பழைய பந்தய மோட்டார்சைக்கிள்களைப் பற்றி இரண்டு பத்தி சேர்த்திருந்தேன். வழக்கமாகப் பம்ப் செட்டைப் பற்றிக் கேட்பவர்கள்கூட இந்தத் தடவை அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. இந்த மாதம் முழுக்க அந்த வண்டிகள்தான்.

நீங்கள் கோவையில் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் செய்தவர். உங்களுக்கும் இத்தாலிப் பந்தய வண்டிக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், ஈரோடு)

வார்ப்புதான் சம்பந்தம். கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் 31 வருஷம் உளி பிடித்தவன் நான். பம்ப் உறையோ மோட்டார் பாடியோ, எதுவானாலும் முதலில் நாங்கள் மரத்தில் செய்ய வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். எண்பதுகளின் கடைசியில் பட்டறைக்கு வந்த எஞ்சினியர் ஒருவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரு எஞ்சின் படம். இத்தாலியின் மோட்டோ குஸி கம்பெனி செய்தது, 500 சிசி, எட்டு சிலிண்டர்.

வேறு யாராவது பார்த்திருந்தால் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டிருப்பார்கள். எனக்கு வந்த கேள்வி வேறு. இதற்குப் பேட்டர்ன் செய்த ஆள் பார்ட்டிங்கை, அதாவது அச்சு இரண்டாகப் பிரியும் கோட்டை, எங்கே வைத்தார்? தண்ணீர் ஓடும் அறை காலியாக வர உள்ளே வைக்கும் மணல் கட்டியை, அதாவது ‘கோர்’ என்பதை, எப்படி உட்கார வைத்தார்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. காகிதத்தில் வரைந்து வரைந்து பார்த்தேன். அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில்தான் கிலேரா, எம்.வி. அகுஸ்டா, மொண்டியால், டுகாட்டி என்ற மற்ற இத்தாலியக் கம்பெனிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன.

டெஸ்மோ வால்வை டுகாட்டி கண்டுபிடித்ததாக எழுதியிருந்தீர்கள். 1954-லேயே மெர்சிடிஸ் பந்தயக் காரில் அது இருந்ததே, ஐயா?
(பொறியியல் மாணவி, கிண்டி)

நீங்கள் சொல்வதுதான் சரி, அம்மா. அப்படி எழுதியது என் தவறு. மெர்சிடிஸின் டபிள்யூ 196 காரில் அது இருந்தது. அதற்கும் பல வருஷம் முன்னாலேயே அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அதை ஒரு சின்ன மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்குள் அடக்கி, பந்தயத்தில் ஜெயிக்க வைத்து, அப்புறம் கடையில் விற்கும் வண்டிக்கும் கொண்டுவந்தவர் டுகாட்டியின் ஃபாபியோ டாலியோனி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

மற்ற வாசகர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தானாக மூடிக்கொள்ளும் கதவைப் பார்த்திருப்பீர்கள். நாம் தள்ளித் திறக்கிறோம், மூடுவது ஸ்பிரிங். எஞ்சின் வால்வும் அப்படித்தான். சுற்றுகிற தண்டில் முட்டை போலப் புடைத்திருக்கும் கேம் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். எஞ்சின் நிமிஷத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. வால்வு கேமை விட்டுப் பறக்க ஆரம்பிக்கும். மூடாமல் நிற்கிற வால்வைப் பிஸ்டன் வந்து முட்டினால் எஞ்சின் அதோடு போயிற்று. அந்தக் காலத்து ஸ்பிரிங் கம்பி பாதிப் பந்தயத்திலேயே ஒடிந்துபோவதும் சாதாரணம்.

டாலியோனி மூடுகிற வேலைக்கும் ஒரு கேமைப் போட்டார். அதுதான் டெஸ்மோ. 1956-இல் வந்த அந்த 125 சிசி எஞ்சினின் தலையில் மூன்று கேம் ஷாஃப்ட்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் வால்வுகளைத் திறக்கும். நடுவில் இருப்பது இரண்டு வால்வுகளையும் பிடித்து இழுத்து மூடும். கீழேயிருந்து ஒரு செங்குத்துத் தண்டு பெவல் கியர் வழியாக மூன்றையும் சுற்றும். கேட்க எளிதுதான். ஆனால் திறக்கிற பக்கத்துக்கும் மூடுகிற பக்கத்துக்கும் தனித்தனியாக இடைவெளி வைக்க வேண்டும், அதுவும் மயிரிழைக் கணக்கில். புல்லட்டுக்கு டேப்பட் செட் பண்ணிய மெக்கானிக்குகள், ஒவ்வொரு வால்வுக்கும் அதை இரண்டு தடவை, அதைவிடப் பல மடங்கு பொறுமையாகச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

முதல் பந்தயம் ஸ்வீடனில் ஹெடெமோரா என்ற ஊரில். ஜான்னி டெல்யி அன்டோனி ஓட்டினார். கூட ஓடிய அத்தனை பேரையும் ஒரு முழுச் சுற்றுத் தாண்டி ஜெயித்தார். சில வாரங்களில் இத்தாலியின் மொன்ஸாவில் பயிற்சியின்போது விழுந்து இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து, 1958-இல், அதே மொன்ஸாவில் நடந்த 125 சிசி பந்தயத்தில் முதல் ஐந்து இடமும் டுகாட்டிக்கு. அந்த முடிவுப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

மோட்டோ குஸி எட்டு சிலிண்டர் உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு கிராண்ட் பிரிக்ஸ்கூட ஜெயிக்கவில்லை. தோற்ற வண்டியை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?
(வாசகர், திருச்சி)

ஜெயிக்கவில்லை என்பது உண்மை. கொண்டாடுவதற்கான காரணத்தைச் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐம்பதுகளில் 500 சிசி பந்தயத்தில் கிலேராவும் எம்.வி.யும் நான்கு சிலிண்டர் வைத்துக்கொண்டு மற்றவர்களை ஓட ஓட விரட்டின. குஸியின் வடிவமைப்பாளர் ஜூலியோ சேசரே கார்கானோ அதற்கு நான்குக்கு நான்கு என்று பதில் சொல்லவில்லை. எட்டு என்றார். ஒவ்வொரு சிலிண்டரும் 44 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 41 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்). நம் ஊரில் வாழைத்தாரும் பால்கேனும் சுமந்த டிவிஎஸ் எக்ஸெல் சூப்பர் தெரியும் இல்லையா? அதன் போர் 46 மில்லிமீட்டர். அதாவது எக்ஸெல் பிஸ்டனைவிடக் கொஞ்சம் சின்னதாக எட்டு பிஸ்டன்கள், ஒரே கிராங்க் தண்டில், முன்னால் நான்கும் பின்னால் நான்குமாக 90 டிகிரி வி வடிவத்தில். பிஸ்டன் சின்னதாகவும் லேசாகவும் இருந்தால் வேகமாகப் போய்வரும், சுற்றும் ஏறும். அது 12,000 சுற்று வரை போனது. 1957-இல் அந்த வண்டி மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. டிரம் பிரேக்கையும் அன்றைய குறுகலான டயரையும் வைத்துக்கொண்டு.

2014-இல் மிலானில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கோவில் கோபுரம் போல இருக்கும் பேராலயத்தைக் காட்ட வேண்டும் என்றான். முதலில் மண்டெல்லோ, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டேன். கோமோ ஏரிக்கரையில் மண்டெல்லோ டெல் லாரியோ, பின்னால் மலை, முன்னால் தண்ணீர். 1921-இலிருந்து குஸி அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலைக்குள்ளேயே அருங்காட்சியகம்.

அந்த எஞ்சினுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று மருமகனைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் எட்டு டெல்ஓர்ட்டோ கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் வாயும் 20 மில்லிமீட்டர்தான். நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசைக் குழந்தை விளையாடுவதற்காகச் சின்னதாகக் கடைந்து கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி எட்டு, வரிசையாக மேலே பார்த்துக்கொண்டு. கிராங்கைத் தாங்கும் பெட்டியான கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. மெக்னீசியம் ஆறும்போது மீட்டருக்கு 13 மில்லிமீட்டர் போலச் சுருங்கும். பேட்டர்ன் செய்கிறவர் அந்தச் சுருக்கத்தைக் கூட்டியே மரத்தை அளக்க வேண்டும். இத்தனை துளை, இத்தனை மூலை உள்ள ஒரு பெட்டியில் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருந்தால் மெல்லிசான இடம் முன்னால் ஆறி இழுக்கும், வார்ப்பு கோணும். அதைச் சமாளிக்க ரிப், அதாவது பலம் கொடுக்கும் விலா, எங்கெங்கே வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடிமனிலிருந்து மெல்லிசுக்கு இறங்கும் இடத்தில் ஒரு வளைவு. உளியால் அல்ல, உப்புத்தாள் வைத்து விரலால் தேய்த்துக் கொண்டுவருகிற வளைவு. எங்கள் மேஸ்திரி எனக்கு அதைத்தான் முதல் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நான் பிறப்பதற்கு முன்னால், முகம் தெரியாத ஒரு தச்சர் அதே விரலால் அதே வேலையைச் செய்திருக்கிறார். என் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

தோற்ற கதைக்கு வருகிறேன். கிராங்க் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது, பந்தயத்துக்குப் பந்தயம் ஏதாவது ஒன்று நின்றது. 1957-இல் பிரிட்டனுக்குப் பக்கத்தில் உள்ள மேன் தீவின் பெரிய பந்தயம், சுமார் 60 கிலோமீட்டர் பாதையில் எட்டு சுற்று. டிக்கி டேல் இந்த வண்டியில் ஏழு சிலிண்டர் மட்டும் வேலை செய்ய, நான்காவதாக வந்து முடித்தார். கிலேராவில் ஜெயித்த பாப் மெக்கின்டயர் அன்றுதான் அந்தப் பாதையில் முதன்முதலாக ஒரு சுற்றில் மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டினார். அந்த வருஷ முடிவில் குஸி பந்தயத்தை விட்டே விலகிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் கொடுத்திருந்தால் கார்கானோ கிராங்கைச் சரிசெய்திருப்பார் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஏனென்றால் அதே கார்கானோவின் 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் 1953 முதல் 1957 வரை ஐந்து வருஷமும் உலக சாம்பியன். அந்த வண்டியின் எடையைக் கடைசியில் 100 கிலோவுக்குள் கொண்டுவந்தார். 1950-லேயே முழு வண்டியையும் ஓட்டுகிறவரையும் உள்ளே வைத்துச் சோதிக்க ஒரு காற்றுச் சுரங்கம் கட்டிய கம்பெனி அது. தெரியாமல் எட்டு சிலிண்டர் செய்தவர்கள் இல்லை.

ஓட்டியவர்களில் யார் பெரியவர், அகோஸ்தினியா, ஹெயில்வுட்டா? ஒரே பெயர் சொல்லுங்கள்.
(வாசகர், நாகர்கோவில்)

ஹெயில்வுட். அகோஸ்தினிக்கு 15 உலகப் பட்டம், 122 வெற்றி. கணக்கில் அவர்தான் பெரியவர், அதிலும் 13 பட்டம் எம்.வி.யில் வாங்கியது. ஆனால் எம்.வி.யில் நான்கு வருஷம் தொடர்ந்து 500 சிசி பட்டம் வாங்கிய ஹெயில்வுட், மேன் தீவை விட்டு 11 வருஷம் கழித்து, 38 வயதில், 1978-இல் திரும்பி வந்து ஒரு டுகாட்டியில் ஜெயித்தார். எனக்கு அது போதும்.

கணினியில் அந்த வண்டிகளின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அண்ணா. நேரில் கேட்டால் வித்தியாசம் இருக்குமா?
(கல்லூரி மாணவர், சேலம்)

இருக்கும், தம்பி. ஆனால் நேரில் முதலில் வருவது சத்தம் இல்லை, வாசம். பார்மாவுக்குப் பக்கத்தில் வரானோ ஓடுபாதையில் பழைய பந்தய வண்டிகளை ஓட்டிய நாளில் அதைத் தெரிந்துகொண்டேன். உள்ளே நுழையும்போதே விளக்கெண்ணெய் காய்ச்சுகிற வாசம். நம் பாட்டிகள் ஆமணக்கை வறுத்து இடித்துக் கொதிக்கவிடும்போது வருமே, அதேதான், கொஞ்சம் கருகிப்போய். அன்றைய பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். சூட்டில் அது உலோகத்தை விட்டு நழுவாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் எஞ்சினுக்குள்ளேயே விட்டுவைத்தால் பிசின் மாதிரி ஆகிவிடும், அதனால் ஓட்டி முடித்ததும் வடித்துவிட வேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். எம்.வி.யின் மூன்று சிலிண்டர் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தார்கள், கிக்கர் கிடையாது. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓட, கிளட்சை விட்டதும் ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் சட்டென்று மூன்றும் சேர்ந்து பிடித்தது. நான்கு சிலிண்டர் வண்டி கீச்சென்று கத்தும். மூன்று அப்படியில்லை, தொண்டையிலிருந்து வருகிற குரல். நேராக ஓடும் பாதையில் அது கியர் மாற்றிக்கொண்டு எங்களைக் கடந்தபோது நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் அது வராது.

ஒரே ஒரு பழைய பந்தயத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?
(வாசகி, தஞ்சாவூர்)

1972 ஏப்ரல் 23, இத்தாலியின் இமோலா, 200 மைல் பந்தயம். டுகாட்டி டாலியோனியின் புது 750 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளோடு வந்தது. ஒரு சிலிண்டர் படுத்தும் ஒன்று நின்றும் 90 டிகிரியில் இருக்கும், அதனால் அதிர்வு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். எம்.வி.யில் அகோஸ்தினியும் இருந்தார், பாதியில் நின்றுவிட்டார். ஆங்கிலேயர் பால் ஸ்மார்ட் முதலில், புரூனோ ஸ்பாஜாரி இரண்டாவது, இருவரும் டுகாட்டியில். ஸ்மார்ட் அமெரிக்காவில் இருந்தபோது வந்த அழைப்பை எடுத்த அவருடைய மனைவி, அவரைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டாராம்! அந்த அம்மாவுக்கு டுகாட்டிக்காரர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டு சின்ன விஷயங்கள். அந்தப் பந்தய வண்டிகளின் சட்டம், தெருவில் ஓடும் வண்டிக்காகச் செய்ததை அப்படியே எடுத்தது. சென்டர் ஸ்டாண்டு மாட்டுகிற காதுகள்கூட அடியில் அப்படியே இருந்தன, வெட்டி எடுக்கவில்லை. இன்னொன்று பெட்ரோல் டேங்க். ஃபைபர் டேங்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பட்டைக்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டார்கள். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று பிட்டில் நிற்கிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். மீட்டர் இல்லை, குழாய் இல்லை. பெயின்ட் அடிக்காமல் விட்டதுதான் கருவி.

இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஏன் 1957-இல் எல்லாவற்றையும் விட்டார்கள்?
(வாசகர், வேலூர்)

காசுதான். குஸி, கிலேரா, மொண்டியால் மூன்றும் சேர்ந்து விலகின. எம்.வி. மட்டும் தொடர்ந்தது. மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போன இத்தாலியக் குடும்பங்கள் ஃபியட் 600-க்கும், 1957-இல் வந்த ஃபியட் 500-க்கும் மாறத் தொடங்கின. மோட்டார்சைக்கிள் விற்றால்தான் பந்தயத்துக்குப் பணம். அதே வருஷம் சோய்சிரோ ஹோண்டா ஒரு மொண்டியால் 125 பந்தய வண்டியை வாங்கி ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் பாடமாக வைத்தார். இன்றும் ஹோண்டாவின் மோட்டேகி அருங்காட்சியகத்தில் அதற்கு இடம் உண்டு. 1959-இல் ஹோண்டா மேன் தீவுக்கு வந்து இறங்கியது.

தாத்தாவின் லாம்ப்ரெட்டா வீட்டில் இருக்கிறது. அதற்கும் பந்தயத்துக்கும் ஏதாவது உறவு உண்டா? எப்படிப் புதுப்பிக்கலாம்?
(வாசகர், மதுரை)

உண்டு, நன்றாகவே உண்டு. பம்பாயில் லைசென்ஸ் வாங்கிச் செய்த லாம்ப்ரெட்டாவின் தாய்வீடு மிலானின் இன்னொசென்டி. 1951-இல் ரோமோலோ ஃபெர்ரி, 125 சிசி லாம்ப்ரெட்டா ஒன்றுக்கு மீன் போலக் கூடு மாட்டி, ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் மணிக்கு 201 கிலோமீட்டர் ஓட்டினார். அதே காலத்தில் 250 சிசியில் வி வடிவ எஞ்சினோடு ஒரு பந்தய மோட்டார்சைக்கிளும் செய்து பார்த்தார்கள்.

புதுப்பிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அலுமினிய உறைகளை பஃபிங் போட்டுக் கண்ணாடி ஆக்காதீர்கள். என் சொந்த வண்டி ஒன்றைப் பட்டறையில் விட்டிருந்தபோது, என்னைக் கேட்காமல் எஞ்சின் உறையைத் தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். வார்ப்பு எண்ணும் அச்சு விழுந்த கோடும் எல்லாம் போயிற்று. போன பெயின்டை மறுபடி அடித்துக் கொண்டுவரலாம், வார்ப்பின் தோலைக் கொண்டுவர முடியாது. மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். துருவை எடுங்கள், ரப்பரையும் ஒயரிங்கையும் மாற்றுங்கள், தாத்தாவின் கால் தேய்த்த இடத்தை அப்படியே விடுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது, லேத் ஓட்டியவர். உங்கள் பத்தியைப் படித்துவிட்டு இத்தாலி போக வேண்டும் என்கிறார். எங்கே கூட்டிப் போவது?
(வாசகி, ஓசூர்)

மிலானில் தங்குங்கள். ரயிலில் லெக்கோ வழியாக மண்டெல்லோ, சுமார் ஒரு மணி நேரம். ஏரி வருகிற பக்கம் ஜன்னலோரத்தில் அப்பாவை உட்கார வையுங்கள். குஸி அருங்காட்சியகம் எல்லா நேரமும் திறந்திருக்காது, கிளம்புவதற்கு முன் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். இன்னொரு நாள் போலோன்யாவில் போர்கோ பனிகாலே, டுகாட்டியின் தொழிற்சாலையும் அருங்காட்சியகமும். இரண்டும் போதும், வேறெதையும் அடைக்காதீர்கள். அவருக்கு முழங்கால் வலி இருந்தால் மடக்குகிற நாற்காலி ஒன்று கொண்டுபோவது நல்லது. எல்லா வண்டியையும் காட்ட அவசரப்படாதீர்கள், அவர் நிற்கிற இடத்தில் நிற்கட்டும்.

அப்பாவிடம் எனக்காக ஒரு உதவி கேளுங்கள். அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் பின்வரிசைக்குக் கீழே, கிராங்க்கேஸ் வளைந்து உள்ளே போகிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அதைப் பார்ட்டிங் என்று நான் எடுத்துக்கொண்டேன். மருமகன் கீறல் என்றான். லேத் பிடித்த கண் சொன்னால் நம்புவேன். டார்ச் ஒன்று எடுத்துப் போகச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.